கேக் அழுத கதை

என் மகளுக்கு ஆறு வயது முடிந்த அன்று, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேக் செய்தேன். இரண்டு அடுக்கு ஸ்பாஞ்ச், நடுவில் அடித்த க்ரீம், க்ரீமுக்குள் நறுக்கிய ஸ்ட்ராபெரி, மேலே முழுப் பழங்கள் வட்டமாக. காலை பத்து மணிக்கே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நாள் முழுக்க ஒரு பெருமிதத்தோடு வீட்டைச் சுற்றி வந்தேன். மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. நடுவிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் வழிந்து தட்டில் குளமாகத் தேங்கியிருக்கிறது.

"அப்பா, கேக் அழுவுது" என்றாள்.

அன்று இரவு அக்காவுக்கு போன் செய்து புலம்பினேன். எங்கள் குடும்பத்தில் இனிப்பு என்றால் அவள்தான். "காலையிலயே நறுக்கி உள்ளே வெச்சியா? அதுவும் சர்க்கரை போட்ட க்ரீம்லயா? டேய், அது சாயம் போட்ட தண்ணிடா. அழாம என்ன பண்ணும்?" என்று சிரித்தாள்.

சாயம் போட்ட தண்ணீர் என்பது கொஞ்சம்தான் மிகை. நூறு கிராம் ஸ்ட்ராபெரியில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர். சர்க்கரை 5 கிராம் அளவுக்குத்தான். மீதியில் நார், அமிலங்கள், மணம் தரும் பொருள்கள் எல்லாம் அடக்கம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அதுவரை நான் கெடுத்த இனிப்புகளையும் பிற்பாடு கெடுக்கப்போகிறவற்றையும் ஒரே கேள்வியில் அடக்க முடிந்தது: அந்தத் தண்ணீரை என்ன செய்யப்போகிறாய்? வெளியே எடுக்கலாம், வற்ற வைக்கலாம், உறைய வைக்கலாம், எதையாவது வைத்துக் குடிக்க வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் அதுவாக ஒரு முடிவெடுக்கும். என் கேக்கில் எடுத்ததைப் போல.

தண்ணீருக்கு முன்னால் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழத்தையோ வாழையையோ காயாக வாங்கி வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கலாம். இதில் அது நடக்காது. காம்பைச் சுற்றி வெள்ளையாக இருக்கும் பழம் இரண்டு நாளில் சற்றுச் சிவக்கலாம், மென்மையாகலாம், ஆனால் இனிப்பு ஏறாது. செடியிலிருந்து வந்த இனிப்புதான் கணக்கு. அதனால் வாங்கும்போது கண்ணைவிட மூக்கை நம்புங்கள். பெட்டியை மூக்கருகே கொண்டுபோனதும் வாசனை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரியதாக, பளபளப்பாக இருந்தாலும் வாசனை இல்லையென்றால் அது சமையலுக்கான பழம்; பச்சையாகத் தின்பதற்கானது அல்ல.

பெரிய பழத்தில் வாசனை குறைவதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. இன்று உலகமெங்கும் விளையும் ஸ்ட்ராபெரி, இரண்டு அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் ஐரோப்பாவில் சந்தித்துப் பிறந்த பிள்ளை. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் அமெதே பிரான்சுவா ஃப்ரெசியே, 1714-ல் சிலி நாட்டிலிருந்து திரும்பும்போது பெரிய, வெளிர் நிறப் பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். கொண்டுவந்தவை எல்லாம் பெண் செடிகள். பல வருடம் ஒழுங்காகக் காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்காவின் வர்ஜீனியா வகை, சிறியதாகச் சிவப்பாக நல்ல மணத்தோடு இருப்பது, வந்து சேர்ந்த பிறகுதான் மகரந்தம் கிடைத்தது. பிறந்த கலப்பினத்தை 1766-ல் அந்துவான் நிக்கோலா துஷேன் என்ற இளைஞர் சரியாக அடையாளம் கண்டு எழுதினார். அளவு ஒரு பெற்றோரிடமிருந்து, மணம் இன்னொரு பெற்றோரிடமிருந்து. விற்பனைக்குப் பயிரிடுகிறவர்கள் அளவின் பக்கமும், தூரப் பயணத்தைத் தாங்கும் கெட்டித்தன்மையின் பக்கமும் சாய்ந்தபோது வாசனை கொஞ்சம் பின்தங்கியது. ஃப்ரெசியேயின் பெயர், ஸ்ட்ராபெரிக்கான பிரெஞ்சுச் சொல்லான 'ஃப்ரேஸ்' போலவே ஒலிப்பது எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்.

அப்புறம், மேலே ஒட்டியிருக்கும் விதைகள். தாவரவியல் கணக்கில் அவைதான் உண்மையான கனிகள். ஒரு பழத்தின் மேல் சுமார் 200 இருக்கும். சிவப்புச் சதை என்று நாம் தின்பது பூவின் அடித்தளம் பருத்தது. இதை மகளிடம் சொன்னபோது, "அப்போ நான் இவ்வளவு நாளா பழத்தையே சாப்பிடலையா?" என்று கேட்டாள். விதையோடுதானே தின்கிறாய் என்று சமாளித்தேன்.

வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் மறுநாள் சாம்பல் நிறப் பூஞ்சணம் வரும். அது ஒரு பழத்திலிருந்து பக்கத்துப் பழத்துக்குத் தொற்றும். முதலில் நசுங்கியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தாள் விரித்த டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். செய்யப்போகும் நேரத்தில், காம்பு இலையோடு சேர்த்துக் குழாய் நீரில் அலசி, துடைத்து, அதன் பிறகு காம்பைக் கிள்ளுங்கள். முன்னதாகக் கிள்ளிவிட்டால் அந்தக் குழி வழியாக இன்னும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் போதாதா?

சரி, தண்ணீருக்கு வருவோம்.

அக்கா எனக்கு முதலில் சொல்லித் தந்தது, பழத்தைத் தன் தண்ணீரைத் தானே கக்க வைப்பது. அரை கிலோ பழத்தை நான்காக நறுக்கி, 50 கிராம் சர்க்கரை தூவி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிரட்டி வைக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் சாறு தெரியும். நாற்பது நிமிடத்தில் பழத்துண்டுகள் தம் சாற்றிலேயே மிதக்கத் தொடங்கும். வெளியே சர்க்கரைச் செறிவு அதிகம், செல்லுக்குள் குறைவு; செல்லின் சவ்வு வழியாகத் தண்ணீர் வெளியேறுகிறது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு இது மாயமாகத்தான் தெரிகிறது. அடுப்பு இல்லை, மிக்ஸி இல்லை, பழம் தானாகப் பாகு காய்ச்சுகிறது.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். நானும் பல மாதம் நிறுத்தினேன். சாற்றோடு எடுத்துக் கேக்கின் மேல் ஊற்றினால் ருசிதான், ஆனால் அடுக்கு நிற்காது. அக்காவின் அடுத்த படி இது: வடிகட்டுங்கள். பழத்தைத் தனியாக வைத்துவிட்டு, சாற்றை மட்டும் சிறிய பாத்திரத்தில் கொதிக்க விட்டுப் பாதியாக வற்ற வையுங்கள். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும் பதம் வந்ததும் இறக்கி, முழுவதும் ஆற விட்டு, அதன் பிறகே பழத்தின் மேல் திரும்ப ஊற்றுங்கள். பழம் அடுப்பையே பார்க்கவில்லை, ஆகவே பச்சைப் பழத்தின் வாசனை அப்படியே இருக்கிறது. சாறு மட்டும் கெட்டியாகித் துண்டுகளைப் பூசி நிற்கிறது. சூடாக ஊற்றிவிட்டால் பழம் வெந்து துவண்டுவிடும். ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்து, ஊறுகாய் மாதிரி ஏதோ ஒன்றைப் பரிமாறியிருக்கிறேன்.

ஸ்ட்ராபெரியை நீண்ட நேரம் வேக வைப்பதை நான் பொதுவாக வெறுக்கிறேன். அதன் வாசனை எளிதில் ஆவியாகிற, சூட்டில் உருமாறுகிற பல பொருள்களின் கூட்டணி. பத்து நிமிடக் கொதிப்பில் அந்தக் கூட்டணி கலைந்து, இனிப்பும் புளிப்புமாக ஏதோ ஒரு 'பழ' சுவை மட்டும் மிஞ்சுகிறது. ஜாம் விதிவிலக்கு. பின்னால் அதற்கு வருகிறேன்.

க்ரீமில் கவனிக்க வேண்டியவை இரண்டே விஷயம்: கொழுப்பும் குளிரும். 30 சதவீதத்துக்குக் கீழே கொழுப்புள்ள க்ரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 35 இருந்தால் நிம்மதி. கிண்ணத்தையும் அடிக்கும் கம்பியையும் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும்போதே நிறுத்துங்கள். இன்னும் ஒரு நிமிடம் என்று ஆசைப்பட்டால் வெண்ணெய் வரும்.

இந்தக் க்ரீமும் மேலே சொன்ன பழமும் கையில் இருந்தால், உலகத்திலேயே எளிதான ஸ்ட்ராபெரி இனிப்பு தயார். ஆங்கிலேயர்கள் அதை 'ஃபூல்' என்பார்கள். 300 கிராம் பழத்தில் பாதியை மசித்து, பாதியைத் துண்டாக விட்டு, 200 மில்லி அடித்த க்ரீமில் நான்கைந்து சுற்று மட்டும் மடித்துக் கலக்க வேண்டும். முழுக்கக் கலந்துவிடாதீர்கள், வெள்ளையும் சிவப்பும் கோடு கோடாகத் தெரிய வேண்டும். இங்கே தண்ணீரை க்ரீமின் கொழுப்பு ஒரு மணி நேரம் வரை தாங்கிப் பிடிக்கும். அதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது ஒரு கடினமான நிபந்தனை என்று எனக்குத் தோன்றவில்லை.

இதிலேயே மெரங் நொறுக்கிப் போட்டால் 'ஈட்டன் மெஸ்', இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பெரிய மெரங் தட்டின் மேல் க்ரீமும் பழமும் அடுக்கினால் 'பாவ்லோவா'. ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் பெயர் வைக்கப்பட்ட இந்த இனிப்பை முதலில் செய்தது யார் என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் மெரங் என்பது முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த உலர்ந்த நுரை. ஈரம் பட்டால் கரையும். ஆகவே பரிமாறும் நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே சேர்த்தால்கூடச் சீக்கிரம்தான்.

பாலில் நான் பட்டது வேறு கதை. சூடான பாலில் ஸ்ட்ராபெரி விழுதைக் கொட்டிக் கலக்கி, புட்டிங் வரும் என்று காத்திருந்தேன். திரிந்தது. பழத்தின் அமிலத்தன்மை எலுமிச்சையைவிடக் குறைவுதான், ஆனாலும் பால் புரதத்தைத் திரளவைக்கப் போதுமானது, சூடு இருந்தால் இன்னும் வேகமாக. பாலையும் விழுதையும் தனித்தனியே ஆற வைத்துக் கலந்தால் ஓரளவு தப்பிக்கலாம். க்ரீமில் புரதம் குறைவு, கொழுப்பு அதிகம் என்பதால் இந்தத் தொல்லையும் குறைவு. அல்லது தயிர் போல ஏற்கெனவே புளித்த ஒன்றை எடுத்துக்கொண்டால் திரிய இனி என்ன இருக்கிறது? கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்து, சர்க்கரையோடு அடித்து, மேலே பழம் போட்டுத் தின்பதை நான் பாதிக் க்ரீம் இனிப்புகளுக்கு மேலே வைப்பேன்.

ஜெல்லி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பச்சை அன்னாசியும் கிவியும் ஜெலட்டினை உறையவே விடாது. அவற்றில் புரதத்தை அரிக்கும் நொதிகள் உண்டு. ஸ்ட்ராபெரியில் அந்தத் தொந்தரவு இல்லை. அகர் அகர் பயன்படுத்தினால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வைத்து முழுவதும் கரைய விட வேண்டும். இறக்கியதும், அறை வெப்பத்தில் இருக்கும் விழுதைச் சேர்க்க வேண்டும். விழுதோடு சேர்த்தே கொதிக்க விட்டால் அமிலம் அகரின் பிடிப்பைத் தளர்த்திவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த விழுதைச் சேர்த்தால் அங்கங்கே கட்டி தட்டும். 250 மில்லிக்கு 2 கிராம் தூள் என் கணக்கு.

இப்போது ஓவன். பழத்தைக் கேக் மாவிலேயே கலந்து சுடும் ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். எனக்கு வந்தபோது, கேக்கை வெட்டினால் பழம் இருந்த இடமெல்லாம் ஈரக்குழி, விழுது பரவிய இடமெல்லாம் சாம்பல் நிறம். ஈரக்குழிக்குக் காரணம் தெரிந்ததுதான். சாம்பல் நிறத்துக்குக் காரணம் நான் தாராளமாகப் போட்ட சமையல் சோடா. ஸ்ட்ராபெரியின் சிவப்பு, அமிலத்தில்தான் சிவப்பாக இருக்கும். சோடாவின் காரத்தன்மை ஏறினால் நீலம் தட்டி மங்கிவிடும். மஞ்சள் நிற மாவோடு கலந்தால் அது பார்க்கச் சகிக்காது. பேக்கிங் பவுடருக்கு மாறினால் பரவாயில்லை ரகம், கூடவே எலுமிச்சை பிழிந்தால் இன்னும் கொஞ்சம் நன்று. ஆனாலும் சுட்ட கேக்கில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு எதிர்பார்க்காதீர்கள். கடையில் பார்க்கும் அந்த நிறம் பெரும்பாலும் புட்டியிலிருந்து வருவது.

பழத்தை மட்டும் சுடுவது வேறு. இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன், அதன் பிறகு விடவே இல்லை. வாசனை இல்லாத பழம் என்று முதலில் சொன்னேனே, அதற்கான விமோசனம் இதுதான். பாதியாக வெட்டி, அரை கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு, தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, 160 டிகிரியில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். தண்ணீரில் கணிசமான பங்கு ஆவியாகிவிடுகிறது. மீதி, ஓரங்களில் பாகாகக் குமிழியிடுகிறது. பச்சைப் பழத்தின் மணம் போய்விடும், அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வாசனையற்ற பழத்துக்கு இழக்க என்ன இருக்கிறது? பதிலுக்கு ஒரு அடர்த்தி வருகிறது. ஆறியதும் கொஞ்சம் மிளகைப் பொடித்துத் தூவிப் பாருங்கள். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நானும் நம்பவில்லை.

ஐஸ்க்ரீமுக்கு இந்தச் சுட்ட பழம்தான் சரி. பச்சைத் துண்டுகளைப் போட்டு உறைய வைத்தால், பழத்துக்குள் இருக்கும் நீர் பனிக்கல்லாகிப் பல்லில் 'நறுக்' என்று படும். சுட்டுத் தண்ணீர் குறைந்து சர்க்கரை கூடிய பழமோ உறைந்தும் மெத்தென்றே இருக்கும், ஏனென்றால் சர்க்கரை உறைநிலையைத் தாழ்த்துகிறது. 300 மில்லி க்ரீமை அடித்து, 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து, அரைக் கிலோ பழம் சுட்டதில் கிடைப்பதை மசித்துக் கலந்து, மூடி, ஓரிரவு ஃப்ரீசரில். கடைய வேண்டாம், இயந்திரம் வேண்டாம்.

சாக்லேட்டில் முக்குவது பற்றி ஒரே வரி: பழம் துளி ஈரமும் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உருகிய சாக்லேட் சட்டென்று இறுகி மணல் மணலாகிவிடும்.

ஜாமுக்கு வருகிறேன் என்றேன். ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு. ஜாமை இறுக வைப்பது அதுதான். அதனால்தான் வீட்டு ஸ்ட்ராபெரி ஜாம் பல நேரம் பாகு போல ஓடுகிறது. எலுமிச்சைச் சாறு இங்கே சுவைக்காக மட்டும் சேர்ப்பதில்லை. பெக்டின் பிணைய அமிலம் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். அரை கிலோ பழம், 400 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சை; அகலமான பாத்திரம், வேகமான தீ. அகலமும் வேகமும் எதற்கு? தண்ணீர் சீக்கிரம் போக, வாசனை மிச்சமிருக்கும்போதே முடிக்க. வெப்பமானி இருந்தால் 104 அல்லது 105 டிகிரி. இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் போதும். சர்க்கரையைக் குறைத்துச் செய்ய ஆசைப்பட்டால் செய்யலாம், ஆனால் அது இறுகவும் இறுகாது, வெளியே வைத்தால் நிற்கவும் நிற்காது. ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் காலி செய்துவிடுங்கள்.

அழுத கேக்கை அன்று என்ன செய்தோம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றினோம், ஊதினாள், சரிந்த பக்கத்தைத் தின்றோம். மிச்சத்தை அப்படியே ஒரு கிண்ணத்தில் வாரிப் போட்டு ஃப்ரிட்ஜில் தள்ளினேன். மறுநாள் காலை சமையலறைக்குள் போனால், அவள் எனக்கு முன்பே எழுந்து அந்தக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாய் வாங்கிப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் முழுச் சாற்றையும் குடித்து, இளஞ்சிவப்பாக ஊறி, க்ரீமோடு ஒன்றாகியிருந்தது. முந்தைய நாள் கேக்கைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. ஆங்கிலேயர்கள் இதையே வேண்டுமென்று செய்து 'ட்ரைஃபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் முந்தின இரவே கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கிவிடுகிறேன்: பழைய ஸ்பாஞ்ச், சாற்றோடு பழம், க்ரீம், மறுபடியும். அடுக்குக் கேக் வேண்டும் என்று விருந்தாளிகள் கேட்டால் மட்டும் வடிகட்டுகிற வேலை.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு. சென்ற வாரம் தானே கிரானிட்டா செய்கிறேன் என்று கிளம்பினாள். அரை கிலோ பழத்தை 100 கிராம் சர்க்கரையோடும் கொஞ்சம் எலுமிச்சையோடும் அரைத்து, தட்டையான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாயிற்று. அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கீறிவிட வேண்டும், மூன்று மணி நேரம், அப்போதுதான் பொடிப்பொடியாக வரும் என்று சொல்லியிருந்தேன். முதல் முறை கீறினாள். அப்புறம் போனில் தோழி வந்துவிட்டாள். ஞாபகம் வந்தபோது உள்ளே சிவப்பாக ஒரு செங்கல் இருந்தது.

"அழல, கல்லாயிடுச்சு" என்றாள்.

கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி உடைத்து, வாயில் ஒதுக்கிக்கொண்டே இருவரும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பேச வராது, நாக்கு மரத்துவிட்டது.